கீழே வைத்தால் அவிழாதது எது? கைக்குழந்தை வீட்டில் நேர் ஊசி, வட்ட ஊசி, குரோஷா, மெஷின்

டெல்லியில் மழை ஓய்ந்து காற்றில் ஈரம் குறையத் தொடங்கும்போதே பல தமிழ் வீடுகளில் இந்த யோசனை எழும். போன வருட ஸ்வெட்டர் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது, புதிதாக நாமே ஒன்று பின்னினால் என்ன? கம்பளிக் கடைக்குப் போனால் முதல் குழப்பம் மொழியிலேயே தொடங்கிவிடும். ‘ஊன்’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பதைத் தமிழில் படித்தால் கறிக்கடைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். இந்தியில் அது கம்பளி. ஊசி ‘சலாய்’, கண்ணி ‘ஃபந்தா’, நேர்ப் பின்னல் ‘சீதா’, மறுபக்கப் பின்னல் ‘உல்டா’. இந்த நான்கு சொல் போதும், கடையில் சமாளித்துவிடலாம்.

கடினமான கேள்வி அடுத்தது. நேர் ஊசி ஜோடி வாங்குவதா, வட்ட ஊசியா, கொக்கியால் பின்னும் குரோஷாவா, இல்லை மெஷினா? வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், இதற்கான பதில் குழந்தை இல்லாத வீட்டின் பதிலாக இருக்காது. எது அழகாக வரும், எது வேகமாக வரும் என்பதெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம். குழந்தை அழுததும் அந்த நொடியே கீழே வைத்துவிட்டு ஓட முடியுமா, இரண்டு நாள் கழித்து எடுத்தால் விட்ட இடம் தெரியுமா என்பதே முதல் கேள்வி.

எதை வைத்து முடிவு செய்வது

*நிறுத்தும் வசதி.* வரிசையின் நடுவில் விட்டால் கண்ணி நழுவுமா? நழுவினால் எத்தனை வரிசை போகும்?

*மொத்த நேரம்.* இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நடுத்தரத் தடிமனுள்ள கம்பளி, 4 மி.மீ. ஊசி என்றால் 10 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 22 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 30 வரிசை வரும். இரண்டு வயதுக் குழந்தையின் மார்புச் சுற்றளவு ஏறக்குறைய 53 செ.மீ.; உள்ளே பனியனும் சட்டையும் போட இடம் விட்டு 60 செ.மீ. என்று வைத்தால் சுற்றுக்கு 132 கண்ணி. உடல் 32 செ.மீ. நீளம், அதாவது 96 வரிசை. இரண்டு கைகளையும் சேர்த்தால் மொத்தம் 18,000 கண்ணி. சுமாரான பழக்கம் உள்ளவர் நிமிடத்துக்கு 20 கண்ணி போடுவார். ஆக 15 மணி நேரம். தினமும் அரை மணி கிடைத்தால் ஒரு மாதம். கணவருக்கு 100 செ.மீ. சுற்றளவில் முழுக்கை ஸ்வெட்டர் என்றால் 55,000 கண்ணி, 46 மணி நேரம், மூன்று மாதம். இரண்டு வயதுக் குழந்தையின் தொப்பிக்கு 4 மணி நேரம் போதும். நவம்பரில் உற்சாகம் வந்தவர் எதைத் தொடக் கூடாது என்பது இந்த மூன்று கணக்கிலேயே தெரிந்துவிடும்.

*வளர்ச்சி.* இரண்டு வயதுக்கு மேல் உயரம் ஆண்டுக்கு 6 முதல் 8 செ.மீ. கூடும், மார்பு 2 செ.மீ. சொச்சம்தான் கூடும். எனவே ஸ்வெட்டர் இறுகுவதற்கு முன்பே குட்டையாகிவிடும். பிற்பாடு நீளத்தைக் கூட்ட முடியும் பின்னலுக்கு ஆயுள் அதிகம்.

*ஆபத்து.* தவழும் குழந்தையின் உயரத்தில் எது கிடக்கப்போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நேர் ஊசி ஜோடி

அம்மாவும் அத்தையும் பின்னியது இதில்தான். 30, 35 செ.மீ. நீளத்தில் இரண்டு ஊசி, ஒரு முனையில் குமிழ். முன், பின், இரண்டு கை என நான்கு துண்டாகப் பின்னிக் கடைசியில் தைக்க வேண்டும். அலுமினிய ஊசி விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். அதிலேயே கை பழகியவர் அதைவிட்டு மாற வேண்டிய அவசியம் இல்லை.

நிறுத்துவது எப்படி? வரிசை முடிந்தபின் நிறுத்துவதே பாதுகாப்பு. 66 கண்ணியுள்ள வரிசைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்று நிமிடம் அழவிட மனம் வராமல் நடுவில் வைத்துவிட்டால், குமிழ் இல்லாத முனை வழியே கண்ணிகள் வரிசையாகக் கழன்று வரும். இன்னொரு தொல்லையும் உண்டு. நடுவில் விட்டதைத் திரும்ப எடுக்கும்போது எந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம் என்று மறந்துவிடும். திசை மாறினால் ஓரத்தில் இரண்டு வரிசை கூடி, ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். நூல் தொங்கும் ஊசி வலது கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. முனைகளில் பென்சில் ரப்பரைக் குத்தி வைத்தால் கண்ணி நழுவாது, கண்ணையும் குத்தாது.

மறைந்திருக்கும் செலவு தையலில் இருக்கிறது. நான்கு துண்டையும் இணைக்க, கழுத்துக் கண்ணி எடுத்துப் பின்ன, நூல் முனைகளை உள்ளே மறைக்க மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவும் துண்டுகளை விரித்து வைத்துச் செய்யும் வேலை என்பதால் அரை மணி அரை மணியாகப் பிரிக்க முடியாது. பின்னி முடித்துத் தைக்காமல் பையில் கிடக்கும் ஸ்வெட்டர்கள் அத்தனையும் இந்த இடத்தில் நின்றவைதாம். பெரியவர்களின் ஸ்வெட்டர் என்றால் துண்டின் முழுப் பாரமும் மணிக்கட்டில் தொங்கும். மொசைக் தரையில் அலுமினிய ஊசி விழுந்தால் ‘ணங்’ என்று கேட்டு, தூங்க வைத்த குழந்தை எழுந்து உட்காரும். மூங்கில் ஊசிக்கு அந்தச் சத்தம் இல்லை, கண்ணியும் அதிகம் வழுக்காது.

குழந்தை பள்ளிக்குப் போய் மதியம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து கிடைக்கிறவருக்கு இது ஏற்றது. முன்பக்கம் திறக்கும் கார்டிகன் பின்னவும் வசதி.

வட்ட ஊசி

இரண்டு குட்டை ஊசிகளை ஒரு வளையும் கேபிள் இணைத்திருக்கும். கண்ணிகள் கேபிள்மேல் உட்கார்ந்துகொள்வதால் வரிசையின் எந்த இடத்திலும் நிறுத்தலாம். எல்லாக் கண்ணியையும் கேபிளின் நடுவுக்குத் தள்ளி, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் சுற்றினால் குழந்தையே எடுத்து ஆட்டினாலும் பெரும்பாலும் தப்பிக்கும். பாரம் மடியில் இருக்கும், மணிக்கட்டில் இருக்காது.

வட்டத்தில் போனால் வெறும் சீதா பின்னலே போதும்; உல்டா தேவையில்லை. கை பழகிவிட்டால் பார்க்காமலே போடலாம், மூத்த பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டே. வட்ட ஊசி என்றால் வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்று நினைக்க வேண்டாம். முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பின்னித் தனித் துண்டும் எடுக்கலாம். ஆகவே நேர் ஊசியில் ஆகிற ஸ்வெட்டர், கார்டிகன் எல்லாம் இதிலும் ஆகும்.

ஒன்றே ஒன்று வாங்குவதானால் 4 மி.மீ., 80 செ.மீ. நீளம் வாங்குங்கள். கேபிளை நடுவில் இழுத்து வளையமாக வெளியே விட்டு, பாதிப் பாதிக் கண்ணியாகப் பின்னும் முறையை ‘மேஜிக் லூப்’ என்பார்கள். அதைக் கற்றுக்கொண்டால் தொப்பி, கை, உடல் மூன்றும் இந்த ஒரே ஊசியில் முடியும். பார்டருக்கு மட்டும் 3.25 மி.மீ. ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லது.

எண்ணில் ஏமாறாதீர்கள். நம் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் எண்: 8 நம்பர் 4 மி.மீ., 10 நம்பர் 3.25 மி.மீ., எண் கூடினால் ஊசி மெலியும். அமெரிக்க எண்ணில் 8 என்றால் 5 மி.மீ., எண் கூடினால் ஊசி தடிக்கும். இணையத்தில் கிடைத்த அமெரிக்கச் செய்முறையோடு போய் ‘ஆட் நம்பர்’ (எட்டாம் நம்பர்) கேட்டால் கிடைக்கும் ஊசி மெல்லியது. கண்ணி இறுகி ஸ்வெட்டர் சிறுத்துவிடும். மில்லிமீட்டரில் கேளுங்கள்.

வட்ட ஊசியின் பெரிய லாபம் வேறு. கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னும் முறைக்கு இது பொருத்தம். தையலே இல்லை. தோள் பாகம் முடிந்ததும் குழந்தைக்கு மாட்டிப் பார்த்துவிடலாம். அடுத்த குளிருக்கு இடுப்பு பார்டரின் மூடிய ஓரத்தைப் பிரித்துக் கண்ணிகளை ஊசியில் எடுத்து 6 செ.மீ. கூட்டலாம், கைக்கும் அப்படியே. கீழிருந்து மேலே பின்னிய ஸ்வெட்டரில் தொடக்க ஓரம் இப்படி எளிதில் பிரியாது. ஆனால் புதுக் கம்பளி பழையதன் நிறத்தோடு ஒட்டாது. வெளுப்புக் கோடு பளிச்சென்று தெரியும். ஆகவே சேர்க்கிற பகுதியை வேறு நிறத்தில் பட்டையாகப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. வட்டத்தை இணைக்கும்போது தொடக்க ஓரம் முழுவதும் உள்பக்கம் பார்க்கிறதா என்று பார்க்காவிட்டால் பின்னல் முறுக்கிக்கொள்ளும். பத்து வரிசை கழித்துத்தான் தெரியும், முழுவதையும் பிரிப்பதைத் தவிர வழியில்லை. மற்றது கழுத்து. இரண்டு வயதுக் குழந்தையின் தலை 48 செ.மீ.; கழுத்து ஓரம் அந்த அளவுக்கு விரிய வேண்டும். இறுக்கமாகத் தொடங்கினாலோ மூடினாலோ ஸ்வெட்டர் தலையில் மாட்டிக்கொண்டு குழந்தை அலறும். அந்த ஒரு வரிசையை மட்டும் இரண்டு அளவு பெரிய ஊசியில் போடுங்கள்.

குரோஷா

ஒரே ஒரு கொக்கி, ஒரே ஒரு திறந்த கண்ணி. நிறுத்தும் வசதியில் இதற்கு இணை கிடையாது. கண்ணியை இரண்டு அங்குலம் இழுத்து நீட்டி விட்டாலோ ஊக்கு ஒன்றை மாட்டினாலோ போதும், தொட்டில் பக்கம் ஓடலாம். குழந்தை நூலைப் பிடித்து இழுத்தாலும் கொஞ்சம் பிரியும், அவ்வளவுதான். கொக்கியின் முனையும் மழுங்கல்.

அப்படியானால் ஏன் எல்லாரும் குரோஷாவில் ஸ்வெட்டர் போடுவதில்லை? துணி தடிக்கும், நீட்சி குறையும், கம்பளி கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அதிகம் பிடிக்கும். கோட்டுக்கு உள்ளே போட்டால் குழந்தை கையை மடக்கச் சிரமப்படும். தொப்பி, போர்வை, பொம்மை, ஷூ போன்ற காலுறை ஆகியவற்றுக்கே அது சிறப்பு.

போர்வை என்றதும் எல்லாரும் சதுரங்களில் இறங்குவார்கள். 15 செ.மீ. சதுரம் 30 சேர்த்தால் 75 × 90 செ.மீ. போர்வை, கம்பளி 400 கிராம் ஆகும். ஒரு சதுரம் ஒரு குட்டித் தூக்கத்துக்குள் முடிந்துவிடும், கைப்பையில் அடங்கும், மெட்ரோவிலும் போடலாம். கைக்குழந்தை உள்ள தாய்க்கு இதைவிடத் தோதான வேலை இல்லை என்று தோன்றும். நூல் முனைகளை எண்ணிப் பாருங்கள். ஒரே நிறம் என்றால் சதுரத்துக்கு இரண்டு, மொத்தம் 60. மூன்று நிறம் என்றால் 180. அத்தனையையும் ஊசியில் கோத்து உள்ளே மறைக்க வேண்டும். மறைக்காமல் வெட்டினால் முதல் சலவையில் பிரியும். ஒவ்வொரு சதுரம் முடிந்தவுடன் அதன் முனையை மறைத்துவிடுகிறவருக்கு மட்டும் மூன்று நிறம்.

துளைகள் பெரிதாக உள்ள வடிவம் கைக்குழந்தைக்கு வேண்டாம், விரல் சிக்கும். ஒரு வயதுக்குள் தூங்கும்போது தளர்வான போர்வையோ தொப்பியோ கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மடியில் போர்த்த, வண்டியில் விழித்திருக்கும்போது போர்த்த மட்டும்.

செய்முறை பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: அமெரிக்கர் ‘சிங்கிள்’ என்பதை பிரிட்டிஷார் ‘டபுள்’ என்பார்கள். எந்த நாட்டு வழக்கு என்று பார்க்காமல் தொடங்கினால் உயரம் இரண்டு மடங்காகும் அல்லது பாதியாகும்.

மெஷினும் கொடுத்துப் பின்னுவதும்

கைப்பிடியைச் சுற்றினால் குழாய் போலப் பின்னும் 48 ஊசி பிளாஸ்டிக் மெஷின் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. பெரியவர் தொப்பி ஒரு மணி நேரத்துக்குள் வரும், நான்கு வயதுப் பிள்ளை ஆசையாகச் சுற்றும். ஆனால் பார்டர் வராது, நூல் தடித்தாலும் வேகம் கூடினாலும் கண்ணி தவறும், தொப்பிக்கும் மஃப்ளருக்கும் மேல் எதற்கும் உதவாது. மேசையில் பொருத்தும் தட்டை மெஷின் முறையானது. அதற்கு நிரந்தர இடம் வேண்டும், சத்தம் உண்டு, வரிசையாக நிற்கும் கூரிய கொக்கிகள் உண்டு. தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

கம்பளி வாங்கிக் கொடுத்துப் பின்னச் சொல்வதும் டெல்லியில் நடக்கிறதுதான். கடைக்காரரையே கேட்டால் அக்கம்பக்கத்தில் பின்னுகிறவரைச் சொல்வார். குழந்தையின் அளவை வாயால் சொல்லாதீர்கள், சரியாக இருக்கும் பழைய ஸ்வெட்டரைக் கொடுங்கள். குளிர் தொடங்கியபின் கொடுத்தால் வரிசையில் காத்திருக்க நேரும். செப்டம்பரிலேயே கொடுத்துவிட வேண்டும்.

| | நேர் ஊசி | வட்ட ஊசி | குரோஷா | சுழற்றும் மெஷின் |
|---|---|---|---|---|
| நடுவில் நிறுத்த | வரிசை முடிவில்தான் | எங்கும் | எங்கும், மிக எளிது | எங்கும், ஆனால் நகர்த்த முடியாது |
| 2 வயது ஸ்வெட்டர், கம்பளி | 200 கிராம் | 200 கிராம் | 250 கிராமுக்கு மேல் | ஆகாது |
| கடைசித் தையல் | 3 மணி நேரம் | முனை மறைப்பது மட்டும் | துண்டைப் பொறுத்தது | சிறிது |
| பிற்பாடு நீளம் கூட்ட | கடினம் | எளிது | ஓரளவு | இல்லை |
| குழந்தைக்கு ஆபத்து | கூர்முனை, நீளம் | கூர்முனை | குறைவு | உதிரிப் பாகங்கள் |
| ஏற்றது | கார்டிகன் | ஸ்வெட்டர், தொப்பி | போர்வை, பொம்மை | தொப்பி, மஃப்ளர் |

கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டை விரல் பக்கமாக மணிக்கட்டு வலிக்கிற தாய்மார் உண்டு. அந்த வலி இருக்கும்போது குரோஷா வேண்டாம், ஒரே கையின் திருப்பம் அதைக் கூட்டும். வட்ட ஊசியில், ஒரு தடவைக்கு 15 நிமிடத்துக்கு மேல் போகாமல் பின்னலாம். வலி தீரும்வரை எதையும் தொடாமல் இருப்பது இன்னும் நல்லது.

எந்தக் கம்பளி

கருவியைவிட இதில் தவறினால் இழப்பு அதிகம்.

அக்ரிலிக் என்பது செயற்கை நூல். மலிவு, வாஷிங் மெஷினில் போடலாம், அரிக்காது, எல்லா நிறமும் உண்டு. பால் கக்கும் வயதுக்கு அதுதான் நடைமுறை. ஆனால் இஸ்திரிச் சூடு பட்டால் தொய்ந்து பளபளக்கும், திரும்ப எழும்பாது. அதைவிட முக்கியம்: தீப்பிடித்தால் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். ஜனவரியில் கம்பிச் சூட்டடுப்பைச் சுற்றிக் குடும்பமே உட்காரும் ஊர் இது. நடக்கப் பழகும் குழந்தைக்கு அந்த அறையில் அக்ரிலிக் தொங்கல், குஞ்சம், நீளமான மஃப்ளர் வேண்டவே வேண்டாம். உண்மையான கம்பளி எளிதில் பற்றாது, பற்றினாலும் கருகும், உருகாது.

மெரினோ கம்பளி மென்மை, வெப்பம் நன்றாகக் காக்கும், விலை அக்ரிலிக்கைப் போலப் பல மடங்கு. சாதா மெரினோவை வெந்நீரிலோ மெஷினிலோ போட்டால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, நான்கு வயது ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் ஆகும். ‘சூப்பர்வாஷ்’ என்று சீட்டில் இருந்தால் மெஷினில் போடலாம். ஆனால் ஈரத்தில் நீளும், கொடியில் தொங்கவிடாமல் விரித்துக் காய வையுங்கள். மூடுபனி நாட்களில் காய இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே ஒரே ஒரு நல்ல ஸ்வெட்டரை நம்பியிருக்க முடியாது. அரிக்குமா என்று பார்க்கத் துண்டு ஒன்றைப் பின்னி உங்கள் கழுத்துப் பட்டைக்குள் அரை மணி செருகி வையுங்கள்.

பருத்தி நூல் டெல்லிக் குளிருக்குப் போதாது. கனம் அதிகம், வெப்பம் குறைவு, ஈரத்தில் தொங்கும். அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் சரி. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குழந்தைக்கு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் ஏசி பெட்டியில் போட்டுச் சென்னை சென்ட்ரலில் கழற்றிவிடும் கையில்லா மேல்சட்டைக்கு அது ரொம்பச் சரி.

எதை வாங்கினாலும் முழுவதையும் ஒரே தடவையில், சீட்டில் சாயத் தொகுப்பு எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னுவதும் நல்ல வழி: பிரித்த நூலை லச்சியாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கீழே சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நீங்கும். சுருங்கிப் போன கம்பளியைப் பிரிக்க முடியாது, முயலாதீர்கள். கோடையில் எடுத்து வைக்கும்போது துவைத்துக் காயவைத்துக் காற்றுப் புகாத பையில் வையுங்கள். கைக்குழந்தையின் துணியோடு அந்துருண்டை போடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். காய்ந்த வேப்பிலை போதும்.

யாருக்கு எது

ஆறு மாதக் குழந்தை, முன்பின் பழக்கமில்லை: குரோஷா, ஒரே நிறம், மடிப் போர்வை.

ஒன்றரை முதல் நான்கு வயது, ஓரளவு பழக்கம் உண்டு: வட்ட ஊசி, கழுத்திலிருந்து கீழே, 200 முதல் 250 கிராம். முதலில் ஒரு தொப்பி போட்டுக் கை பார்த்துக்கொள்ளுங்கள். 96 கண்ணி, 3 சீதா 3 உல்டா பார்டர் நான்கு செ.மீ., பிறகு சீதா மட்டும் 12 செ.மீ. வரை, அதன்பின் எட்டு இடங்களில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை குறைத்து முடிக்கவும். 50 கிராம் கம்பளி. மூன்று வயதுக்குக் கீழ் பொத்தான், உருண்டைக் குஞ்சம், கழுத்தில் கட்டும் கயிறு எதுவும் வேண்டாம்.

இரண்டு குழந்தை, ஒன்று பள்ளியில்: பள்ளிச் சீருடை ஸ்வெட்டரைப் பின்னாதீர்கள். லூதியானா மெஷினில் வந்தது கடையில் மலிவாகக் கிடைக்கும், பள்ளி கேட்கும் நீலமும் அதில்தான் சரியாக இருக்கும். உங்கள் 15 மணி நேரத்தைத் தொலைந்துபோகும் பொருளில் போட வேண்டாம். வீட்டில் போடுவதைப் பின்னுங்கள்.

கணவருக்கு, மாமனாருக்கு: சுதந்திர தினத்தன்று தொடங்கினால் நவம்பர் நடுவில் முடியும். அக்டோபரில் நினைவு வந்தால் கையில்லா ஸ்வெட்டர். நவம்பரில் நினைவு வந்தால் தொப்பி.

ஜனவரி பாதியில் ஆசை வந்தவர் இந்தக் குளிரைப் பிடிக்க ஓட வேண்டாம். குழந்தையின் இப்போதைய ஸ்வெட்டர் சுற்றளவோடு 3 செ.மீ., நீளத்தோடு 6 செ.மீ. கூட்டி, அடுத்த ஆண்டு அளவுக்குக் கண்ணி ஏற்றுங்கள். ஹோலிக்குள் முடிந்தால் முடியட்டும். முடியாவிட்டால் எத்தனையாவது வரிசை, எந்த ஊசி, எந்தச் சாய எண் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பையோடு ஊக்கில் குத்தி வையுங்கள்.